ஊசி, ரத்தம், காய்ச்சல்: தோட்டப்புற வாசகர்களுக்குப் பதில்கள்

பெயர்ப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாறினாலும் பெரியவர்கள் வாயில் அந்தச் சிலாங்கூர் ஊர் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அந்த வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்தும் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் போதை ஊசியையும் அதனால் வரும் நோய்களையும் பற்றி வந்தவற்றில் ஐந்து கேள்விகள் இங்கே. கேட்டவர்களின் அடையாளம் தெரியாதபடி சுருக்கியிருக்கிறோம்.

கிளினிக்கில் என் மகனுக்கு விரலில் குத்திப் பார்த்து ஹெப்படைட்டிஸ் சி இருக்கிறது என்றார்கள். அவன் தட்டு, கிளாஸ் எல்லாம் தனியாக வைத்துவிட்டேன். அது போதுமா?

தட்டையும் கிளாஸையும் பழைய இடத்திலேயே வையுங்கள், அம்மா. கல்லீரலைத் தாக்கும் இது சோற்றிலும் எச்சிலிலும் பரவுகிற நோயில்லை, ரத்தத்தில் பரவுவது. தனியாக இருக்க வேண்டியவை சவர பிளேடு, பல் பிரஷ், நகவெட்டி. கண்ணுக்குத் தெரியாத ரத்தம் ஒட்டியிருப்பது இவற்றில்தான்.

அடுத்தது முக்கியம். விரலில் குத்திப் பார்க்கும் சோதனை, அந்தக் கிருமி எப்போதோ உடம்பில் நுழைந்திருக்கிறது என்பதை மட்டும் காட்டும். நோய் தீர்ந்த பிறகும் அந்தத் தடயம் ஆயுளுக்கும் போகாது. ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவருக்குக் கிருமி தானாகவே போய்விடும். இப்போது இருக்கிறதா என்று சொல்வது, கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனை, அதற்குக் கையிலிருந்து ரத்தம் எடுப்பார்கள். நம் ஆட்கள் நழுவுவது இந்த இடத்தில்தான். முதல் சோதனையின் பயத்திலேயே வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள்.

கிருமி இருந்தால் சோஃபோஸ்புவிர், டாக்ளாட்டஸ்விர் என்ற மாத்திரைகளைப் பெரும்பாலோர் 12 வாரம் தினமும் சாப்பிட வேண்டும். நூற்றுக்கு 95 பேருக்குக் குறையாமல் குணமாகும். 2017-இல் மலேசிய அரசு காப்புரிமைக்குக் கட்டுப்படாமல் சோஃபோஸ்புவிரை மலிவாக வாங்க வழி செய்தது. 2018 முதல் அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை இலவசம். தொடங்குமுன் ஹெப்படைட்டிஸ் பி-யும் பார்த்துவிட வேண்டும். சி கிருமி போனதும், மறைந்திருக்கும் பி கிருமி தலைதூக்கலாம். மகன் இன்னும் போதை ஊசி போடுகிறார் என்றாலும் சிகிச்சை பெறலாம். மருந்து முடிந்து 12 வாரம் கழித்து இன்னொரு ஆர்.என்.ஏ. பார்த்தால்தான் கணக்கு முடியும். ஒருமுறை குணமானவருக்கும் மறுபடி தொற்றலாம்.

நான் என் ஊசியைத்தான் போடுகிறேன். கூட்டாளிகளோடு கரண்டியும் தண்ணீரும் மட்டும் பொது. சுடுதண்ணீரில் கழுவினால் சரியாகிவிடுமா?

உங்கள் ஊசி சுத்தம்தான், கரண்டி சுத்தமில்லை. ஒருவர் போட்டு முடித்த ஊசியை ஒரு கிளாஸ் தண்ணீரில் அலசுகிறார். அடுத்தவர் பவுடரைக் கரைக்க அதே கிளாஸிலிருந்து இழுக்கிறார். தண்ணீர் தெளிவாகவே தெரியும், ரத்தம் அதற்குள் வந்துவிட்டது. வடிகட்டும் பஞ்சும் அப்படித்தான். சிரிஞ்சுக்குள் ஹெப்படைட்டிஸ் சி கிருமி வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். எச்.ஐ.வி. அளவுக்கு இது பலவீனமான கிருமி இல்லை. பழைய சிரிஞ்சால் பங்கு பிரித்து அடுத்தவர் சிரிஞ்சுக்குள் பாய்ச்சுவதும் ஊசியைப் பகிர்வதற்குச் சமம்.

ஆகவே ஒவ்வொரு தடவைக்கும் புது ஊசி, தனிக் கரண்டி, தனிப் பஞ்சு, உங்களுக்கென்று திறந்த தண்ணீர். 2006-இல் தொடங்கிய ஊசி மாற்றுத் திட்டத்தில் பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கலாம். குத்துமுன் கையையும் தோலையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஊசி முனையை நாக்கில் வைக்காதீர்கள். வாய்க்கிருமி நேரே ரத்தத்துக்குப் போகும்.

சுடுதண்ணீரில் ரத்தம் உறைந்து சிரிஞ்சுக்குள் ஒட்டிக்கொள்ளும். புது ஊசிக்கு வழியே இல்லாத நேரத்தில் மட்டும் இப்படிச் செய்யலாம்: குளிர்ந்த சுத்தமான தண்ணீரை இழுத்து, குலுக்கி, வெளியே பீய்ச்சுங்கள், மூன்று முறை. பிறகு தண்ணீர் கலக்காத குளோரோக்ஸ் பிளீச்சை நிரப்பி 30 விநாடி குலுக்கிக் கொட்டுங்கள். கடைசியாக வேறு கிளாஸ் தண்ணீரில் மறுபடி மூன்று முறை. இது எச்.ஐ.வி.யைக் குறைக்கும். ஹெப்படைட்டிஸ் சி-க்கு இதை நம்ப முடியாது.

கோயிலுக்குப் பின்னால் விளையாடிய பிள்ளையின் காலில், யாரோ போட்டுப்போன ஊசி குத்திவிட்டது.

குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், உறிஞ்சாதீர்கள், குளோரோக்ஸ் ஊற்றாதீர்கள், புண்தான் பெரிதாகும். அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வெளியில் கிடந்த ஊசியால் எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. ஆனாலும் தடுப்பு மருந்து தேவையா என்று மருத்துவர் முடிவு செய்ய 72 மணி நேரம்தான் இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. தொடங்கினால் 28 நாள் சாப்பிட வேண்டும். தடுப்பூசிப் புத்தகத்தையும் எடுத்துப் போங்கள். 1989 முதல் மலேசியக் குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி ஊசி உண்டு. எல்லாத் தவணையும் போட்டாயிற்றா, டெட்டனஸ் எப்போது போட்டது என்று பார்ப்பார்கள். சி-க்குத் தடுப்பூசி கிடையாது, ரத்தப் பரிசோதனைதான். அன்றைக்கு எடுத்ததில் கிருமி இல்லை என்று வந்தால் அத்தோடு விடாதீர்கள். அது பழைய நிலையைத்தான் சொல்லும். தேதி கொடுத்தபடி மறுபடி போக வேண்டும்.

ஊசியைச் சோதிக்கச் சொல்லிக் கொண்டுபோக வேண்டாம், பயனில்லை. அதை அகற்ற, திருகுமூடி உள்ள கெட்டியான சோப்புத்தூள் டப்பாவை ஊசிக்குப் பக்கத்தில் தரையில் வைத்து, இடுக்கியால் முனை முதலில் போகும்படி போடுங்கள். டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு போட்டால் குத்துப்படுவது அந்தக் கைதான். மினரல் வாட்டர் பாட்டிலை ஊசி துளைத்துவிடும்.

அண்ணனுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், மூச்சு வாங்குகிறது. டிங்கி இல்லை என்று சொல்லிப் பனடோல் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இன்றைக்கே திரும்பக் கூட்டிப்போங்கள். அண்ணன் போதை ஊசி போடுகிறவர் என்றால் அதை வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மருத்துவர் மனதில் டிங்கியும் எலிக்காய்ச்சலும்தான் முதலில் தோன்றும். ஊசி குத்தும்போது தோலிலிருக்கும் கிருமி ரத்தத்தில் ஏறி இதய வால்வில் தங்கிவிடலாம். அங்கிருந்து துணுக்குகள் உடைந்து நுரையீரலுக்குப் போனால் இருமல், நெஞ்சு வலி, மூச்சுத்திணறல். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கைக் கொடுக்காதீர்கள். ரத்தத்தை வளர்த்துப் பார்க்கும் சோதனையில் கிருமி அகப்படாமல் போய்விடும். வால்வில் கிருமி இருப்பது உறுதியானால் பொதுவாக 4 முதல் 6 வாரம் நரம்பு வழியாக மருந்து ஏற்றுவார்கள்.

குத்திய இடத்தில் கட்டி இருந்தால் பிளேடால் கீற வேண்டாம். சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். கோட்டைத் தாண்டினால் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

வீட்டுக்காரர் ஹெராயினுக்கு மாற்றாகக் கிளினிக்கில் தரும் மெதடோன் மருந்தைக் குடித்து நல்லபடியாக இருந்தார். காசநோய் மருந்து தொடங்கிப் பத்து நாளில் காலையிலேயே கொட்டாவி, மூக்கொழுகல், எலும்பு வலி. மறுபடி கியான், அதாவது போதை கேட்கும் தவிப்பு, வந்துவிட்டது என்கிறார்.

பொய் சொல்லவில்லை. காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின், கல்லீரலை முடுக்கிவிட்டு மெதடோனை வேகமாகக் கழித்துவிடும். கவுண்டரில் குடித்தது அடுத்த நாள் காலைவரை தாங்காது. இதில் காசநோய் மருந்தை நிறுத்தக் கூடாது. மெதடோன் கொடுக்கும் கிளினிக்கில் சொல்லி அளவைக் கூட்டச் சொல்லுங்கள். இரண்டு இடத்தின் மருந்துச் சீட்டும் இரண்டு இடத்துக்கும் தெரிய வேண்டும். எச்.ஐ.வி. மருந்தான எஃபாவிரென்ஸும் இதே வேலையைச் செய்யும்.

ஆறு மாதக் காசநோய்ச் சிகிச்சை முடியும் நாள் எல்லோரும் மறக்கிற நாள். ரிஃபாம்பிசின் நின்றதும் இரண்டு வாரத்துக்குள் கல்லீரல் பழைய வேகத்துக்கு வந்துவிடும். கூட்டிய அளவு அப்படியே இருந்தால் தூக்கத்திலேயே மூச்சு தளரும். முடியும் தேதியை முன்கூட்டியே கிளினிக்கில் சொல்லி வையுங்கள்.

வீட்டுக்கு மெதடோன் கொடுத்தனுப்பினால் பூட்டிய பெட்டியில் வையுங்கள். குளிர்பெட்டியில் சிரப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வேண்டாம். ஒரு மடக்கே குழந்தையின் உயிருக்கு ஆபத்து. குடித்துவிட்டால் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் 999-ஐ அழையுங்கள். மூச்சு சில மணி நேரம் கழித்தும் குறையலாம்.