சி7ல ஏன் பி ஃபிளாட் வருது?
சி மேஜர் ஸ்கேல்ல ஏழாவது நோட் பி தானே, அப்புறம் சி7 கார்டுல (கார்டுன்னா chord, சேர்த்து வாசிக்கிற நோட்டுங்க) ஏன் பி ஃபிளாட், அதாவது பி-க்கு இடது பக்கத்து கறுப்புக் கட்டை வருதுன்னு கேட்டிருக்கீங்க, நானும் ரொம்ப நாள் குழம்பின இடம் ப்ரோ இது. சி7 சி ஸ்கேலோட கார்டே இல்ல, எஃப் மேஜர் ஸ்கேலோட அஞ்சாவது நோட்டுல ஆரம்பிக்கிற கார்டு, அந்த ஸ்கேல்ல பி ஃபிளாட் தான் இருக்கு, அதான் சி, இ, ஜி, பி ஃபிளாட். சாதா பி போட்டா அது சி மேஜர் செவன்த், வேற கார்டு.

கீபோர்டுல இ-யும் மேல இருக்க பி ஃபிளாட்டும் மட்டும் சேர்த்து அமுக்குங்க, நடுவுல 6 செமிடோன் (செமிடோன்னா கறுப்பு, வெள்ளை எல்லாம் சேர்த்து பக்கத்து கட்டைக்கு ஒரு படி), காதுல நெருடும், இப்ப இ-ய ஒரு செமிடோன் ஏத்தி எஃப், பி ஃபிளாட்ட ஒண்ணு இறக்கி ஏ, அப்பாடான்னு இருக்கும் பாருங்க, அந்த இழுப்புக்காகத்தான் இந்த கார்டே. சி ஸ்கேல்ல வாசிக்கும்போது உங்களுக்கு வேண்டியது ஜி7, அதாவது ஜி, பி, டி, எஃப், எல்லாமே வெள்ளைக் கட்டை தான்.