ஜெர்மனியில் கார் பயணம்: கொஞ்சம் நிதானமாகப் போகலாமே

கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் இதே மாதிரிக் கேள்விகள் வந்து சேரும். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பத்து நாள் விடுப்பு. பிராங்க்ஃபர்ட், கொலோன், பெர்லின், டிரெஸ்டன், மியூனிக், ராஜா கோட்டை (நொய்ஷ்வான்ஸ்டைன்), பிளாக் ஃபாரஸ்ட் என்று திட்டம் போட்டிருக்கிறோம். குடும்பத்தோடு நான்கு பேர். சரியாக வருமா?

வராது. பிராங்க்ஃபர்ட்டிலிருந்து பெர்லின் மட்டுமே ஏறக்குறைய 550 கி.மீ. அங்கிருந்து டிரெஸ்டன் வழியாக மியூனிக் வர இன்னும் 650. இந்தத் திட்டப்படி போனால் உங்கள் பிள்ளைகளுக்கு முன் சீட்டின் முதுகுதான் நினைவில் நிற்கும். பெர்லினைத் தனியாக வையுங்கள். அதற்கு ரயில் இருக்கிறது, பெர்லினில் கார் ஒரு சுமை.

என் கணக்கு இது: ஓர் ஊரில் குறைந்தது இரண்டு இரவு, ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது, ஊர் மாறும் நாளில் வழியில் ஒரே ஒரு நிறுத்தம். பத்து நாளுக்கு ‘ரொமான்டிக் ரோடு’ என்று 1950-இல் பெயர் சூட்டிய பாதையே போதும். வடக்கே வூர்ட்ஸ்புர்க், தெற்கே ஆல்ப்ஸ் அடிவாரத்தில் ஃபூசன். பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்திலிருந்து வூர்ட்ஸ்புர்க் ஒன்றரை மணி நேரம்தான், தூக்கக் கலக்கத்திலும் சமாளிக்கலாம். அங்கே இரண்டு இரவு, ரோத்தன்புர்க்கில் இரண்டு, நோர்ட்லிங்கனில் இரண்டு, ஃபூசனில் மூன்று. ஃபூசனுக்குப் போகும் நாளில் ஆக்ஸ்பர்க்கில் மதியம் நிறுத்துங்கள். ஃபுக்கர் என்ற வணிகர் குடும்பம் 1521-இல் ஏழைகளுக்குக் கட்டிய குடியிருப்பு அங்கே இருக்கிறது. இன்றைக்கும் மக்கள் வசிக்கிறார்கள். வருட வாடகை 88 சென்ட். மாதத்துக்கு அல்ல, வருடத்துக்கு!

ரோத்தன்புர்க்கில் கூட்டம் தாங்காது என்கிறார்கள். தவிர்த்துவிடலாமா?

பகலில் தாங்காதுதான். ஆனால் கூட்டத்தில் பெரும்பாலானோர் பேருந்தில் வந்து மாலைக்குள் திரும்பிவிடுகிறவர்கள். அதனால்தான் இரவு தங்கச் சொல்கிறேன். ஆறு மணிக்குப் பிறகு ஊரைச் சுற்றியுள்ள மதில்மேல் ஏறுங்கள். தலைக்கு மேல் மரக்கூரை, காலுக்குக் கீழே தேய்ந்த கல், ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். சுவரில் வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள் தெரியும். நம்ம ஊர்க் கோயில்களில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவோமே, அதே கதைதான். 1945 மார்ச்சில் குண்டு விழுந்து ஊரின் கிழக்குப் பகுதி நொறுங்கியது. மதிலைத் திரும்பக் கட்டப் பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் அவை.

அங்கே ‘ஷ்னேபால்’ என்ற உருண்டைப் பலகாரத்தைக் கடைக்குக் கடை அடுக்கி வைத்திருப்பார்கள். மாவை நாடாவாக வெட்டி, உருட்டி, பொரித்து, சர்க்கரை தூவியது. கண்ணுக்கு அழகு, வாய்க்கு வெறும் மாவு. நான்கு பேருக்கு ஒன்று வாங்கினால் போதும்.

எனக்குப் பிடித்த ஊர் நோர்ட்லிங்கன். சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்த பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஊர் அது. தேவாலயக் கோபுரமே அந்த மோதலில் உருவான கல்லால் கட்டியது. அப்பல்லோ 14 விண்வெளி வீரர்கள் 1970-இல் பாறைகளைப் பற்றிப் படிக்க இந்தப் பக்கம்தான் வந்தார்கள். 90 மீட்டர் உயரக் கோபுரம், படி ஏறினால் மூச்சு வாங்கும். மேலே போய்ப் பார்த்தால் தட்டு மாதிரிச் சமவெளி, தூரத்தில் வட்டமாக மேடு. தட்டின் விளிம்பு அது. இரவு பத்து மணிக்கு மேல் காவலர் அங்கிருந்து குரல் கொடுப்பார். ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருங்கள்.

ஆட்டோபானில், அதாவது அங்குள்ள அதிவேக நெடுஞ்சாலையில், வேகக் கட்டுப்பாடே கிடையாதாமே? பயமாக இருக்கிறது. போதாததற்கு வலப்பக்கம் ஓட்ட வேண்டும்.

பல இடங்களில் கட்டுப்பாடு உண்டு, பலகையைப் பாருங்கள். இல்லாத இடத்தில் பரிந்துரை வேகம் 130. நீங்கள் 110-இல் வலது தடத்தில் போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இடது தடத்துக்கு மாறும்போது மட்டும் கண்ணாடியை இரண்டு முறை பாருங்கள். முதல் பார்வையில் புள்ளியாக இருந்த கார் அடுத்த பார்வையில் உங்கள் முதுகில் இருக்கும். வலப்பக்கமாக முந்தக் கூடாது. நெரிசலில் வண்டிகள் நின்றால் இடதுகோடித் தடத்தில் இருப்பவர்கள் இடது ஓரமும் மற்றவர்கள் வலது ஓரமும் ஒதுங்கி, நடுவே ஆம்புலன்ஸுக்கு வழி விட வேண்டும். இது சட்டம். பெட்ரோல் தீர்ந்து நிற்பதும் அபராதத்துக்குரிய விஷயம்.

வலப்பக்கம் ஓட்டுவது அரை நாளில் பழகிவிடும். தவறு நடப்பது நெடுஞ்சாலையில் அல்ல. பெட்ரோல் பங்கிலிருந்தோ ஆளில்லாத பார்க்கிங்கிலிருந்தோ வெளியே வரும்போதுதான் கை பழைய பக்கம் போகும். இண்டிகேட்டரும் இடது கையில். முதல் நாள் ஒவ்வொரு திருப்பத்திலும் வைப்பர் ஆடும், கவலைப்படாதீர்கள்.

உண்மையில் கவனம் தேவைப்படுவது சின்ன ஊர்களில். மஞ்சள் ஊர்ப் பலகையைத் தாண்டினால் 50, தனியாக எழுதியிருக்க வேண்டியதில்லை. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு முதல் உரிமை. அது சின்னச் சந்தாக இருந்தாலும் சரி. அப்புறம், ‘ஆவுஸ்ஃபார்ட்’ என்று வழியெல்லாம் எழுதியிருப்பது பெரிய ஊரின் பெயர் அல்ல, வெளியேறும் வழி.

பார்க்கிங்கில் நீல அட்டை ஒன்று வைக்க வேண்டுமாமே?

ஆமாம், கடிகாரம் மாதிரி சுழற்றும் அட்டை. வாடகைக் காரில் பெரும்பாலும் இருக்கும், இல்லாவிட்டால் பெட்ரோல் பங்கில் கிடைக்கும். வந்த நேரத்துக்கு அடுத்த அரை மணியில் முள்ளை வைக்க வேண்டும். 10:10-க்கு வந்தால் 10:30. முதல் பயணத்தில் நான் கிளம்பப் போகும் நேரத்தை வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது வைப்பருக்கு அடியில் சீட்டு. தப்பு என்னுடையதுதான்.

நாங்கள் சைவம், முட்டையும் கிடையாது. கிராமப்புறத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

சமையலறையுள்ள வீடு எடுங்கள். ‘ஃபேரியன்வோனுங்’ என்று தேடினால் கிடைக்கும். சைவம் என்று கேட்டால் முதலில் வருவது சீஸ் போட்ட ‘ஷ்பெட்ஸ்லே’. அருமையான பண்டம், ஆனால் மாவில் முட்டை உண்டு. சூப் பெரும்பாலும் இறைச்சிச் சாறு. “ஓனே ஃப்ளைஷ், ஓனே ஐ” (இறைச்சி வேண்டாம், முட்டை வேண்டாம்) என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே பால், காய்கறி வாங்கிவிடுங்கள். உணவகங்களுக்கும் வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு உண்டு, பல இடங்களில் அது திங்கள் அல்லது செவ்வாய்.

லைசென்ஸ்?

இந்திய லைசென்ஸோடு ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச அனுமதியும் கையில் இருக்கட்டும். கியர் இல்லாத கார் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே ‘ஆட்டோமேட்டிக்’ என்று தேர்ந்தெடுங்கள். 12 வயதுக்குக் கீழ், 150 செ.மீ. உயரத்துக்குள் இருக்கும் பிள்ளைக்குக் குழந்தை இருக்கை கட்டாயம்.

ஃபூசனுக்குப் பக்கத்தில் இருக்கும் ராஜா கோட்டை நொய்ஷ்வான்ஸ்டைனுக்கு உள்ளே போவது அவசியமா?

என்னைக் கேட்டால் இல்லை. 1869-இல் தொடங்கி, 1886-இல் அதைக் கட்டிய பவேரிய ராஜா இரண்டாம் லூட்விக் இறந்தபோதும் முடியாத கட்டடம். உள்ளே நேரம் குறித்த சீட்டு, அரை மணி நேரச் சுற்று. போவதென்றால் முன்பே இணையத்தில் வாங்கிவிடுங்கள். வெளியிலிருந்து பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் புல்வெளி நடுவே நிற்கும் வீஸ் தேவாலயத்துக்குப் போங்கள். வெளியே சாதாரணக் கட்டடம், கதவைத் திறந்தால் வெள்ளையும் பொன்னும்.

பிராங்க்ஃபர்ட்டில் வேலையாக வந்திருக்கிறேன். இரண்டே நாள்தான் ஓய்வு.

ரைன் கரை. ரூடஸ்ஹைமிலிருந்து கோப்லென்ஸ் வரை இரு கரையிலும் சாலை உண்டு, இடையில் பாலம் கிடையாது. ஒரு கரையில் கீழே போய், மறுகரையில் திரும்புங்கள். நடுவில் கடக்க வேண்டுமென்றால் காவுப் என்ற ஊரில் காரோடு படகில் ஏறலாம். சில நிமிடப் பயணம்தான். அதற்குள் ஆற்றின் நடுவே கப்பல் மாதிரி நிற்கும் பழைய சுங்கக் கோட்டை கண்ணில் படும். போட்டோ எடுக்கக் காரை விட்டு இறங்கும்போது ஹேண்ட்பிரேக்கை மறக்காமல் போடுங்கள்.