ஒரு டேப் டிரைவ், ஆறு எடிட்டர்கள்: நெட்வொர்க்கில் நேராக ஓட்டலாமா?

கேள்வி: சாலிகிராமத்தில் சின்னதாக ஒரு போஸ்ட் புரொடக்‌ஷன் ஸ்டூடியோ நடத்துகிறோம். பழைய ஆவணப்பட வேலைகளின் ரஷ்ஷஸ் (எடிட் செய்யாத மூலக் காட்சிகள்) எல்லாம் 46 எல்டிஓ-7 கார்ட்ரிஜ்களில் (தரவைச் சேமிக்கும் காந்த நாடாப் பெட்டிகள், 7 என்பது தலைமுறை எண்) இருக்கின்றன. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு எல்டிஓ-8 டிரைவ். அதை லினக்ஸ் மெஷினில் மாட்டி, டேப்பை ஃபோல்டர் மாதிரி காட்டும் எல்டிஎஃப்எஸ் வழியாகத் திறந்து, நெட்வொர்க்கில் ஷேர் கொடுத்தோம். ஒரு எடிட்டர் கிளிப்பைத் திறந்தால் ஓடுகிறது. இரண்டாவது ஆள் திறந்ததும் இரண்டு பேருக்குமே உறைந்துபோகிறது. டிரைவ் நொடிக்கு 300 மெகாபைட் தரும் என்கிறார்கள். ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 50. எங்கள் ஃபைல்களுக்கு அதில் பாதியே போதும். அப்புறம் எங்கே இடிக்கிறது? எல்டிஓ-9 டிரைவ் வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். டேப்பிலிருந்து ஆறு பேருக்கு நேராக ஓட்டாதீர்கள். அந்த ஷேரை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். டேப்புக்கும் எடிட்டர்களுக்கும் நடுவில் டிஸ்க் இருக்க வேண்டும். டேப்பை ஒரே ஒரு ஆள், அல்லது ஒரே ஒரு புரோகிராம் மட்டும் தொட வேண்டும். எல்டிஓ-9 விஷயத்தில் நீங்கள் கேட்டுவிட்டு வாங்க நினைத்தது நல்லதாய்ப் போயிற்று. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் வகுத்தல் கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்த 300 என்கிற எண், டேப் நிற்காமல் ஒரே போக்கில் ஓடினால் மட்டும் கிடைப்பது. எல்டிஓ-7 கார்ட்ரிஜுக்குள் இருப்பது அரை இஞ்ச் அகலத்தில் 960 மீட்டர் நீள நாடா. டிரைவின் ஹெட் ஒரே சமயத்தில் 32 தடங்களைப் படித்துக்கொண்டே கடைசி வரை போகும், அங்கே திரும்பி அடுத்த தடங்களைப் படித்துக்கொண்டு ஆரம்பத்துக்கு வரும். போவது ஒன்று, வருவது ஒன்று என்று எண்ணினால், இப்படி 112 தடவை ஓடினால்தான் ஒரு கார்ட்ரிஜ் முடியும். மொத்தம் 107 கிலோமீட்டர் சொச்சம். சென்னையில் கிளம்பி மேல்மருவத்தூரைத் தாண்டுகிற தூரம் அது. ஹார்ட் டிஸ்க்கில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவ நொடியில் நூறில் ஒரு பங்கு போதும். டேப்பில் நாடாவையே சுற்றிக் கொண்டுபோக வேண்டும். சராசரியாக 50 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் ஸ்டூடியோவை அப்படியே வைத்துக் கணக்குப் போடலாம். 1080-ல் புரோரெஸ் 422 ஹெச்க்யூ (எடிட்டிங்குக்கான உயர்தர வீடியோ வடிவம்), நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஸ்ட்ரீமுக்கு நொடிக்கு 23 மெகாபைட் வேண்டும். ஆறு பேருக்கு 138. டிரைவின் வேகத்தில் பாதிகூட இல்லை. ஆனால் ஆறு பேரும் ஆறு வேறு கிளிப்பைக் கேட்கிறார்கள். ஒருவருக்கு ஒரு நிமிடக் காட்சியைப் படித்துக் கொடுக்க டிரைவுக்கு ஐந்து நொடிகூட ஆகாது. அடுத்தவருடைய கிளிப் இருக்கும் இடத்துக்குப் போக 50 நொடி. ஆறு பேரையும் ஒரு சுற்று சுற்றி முதல் ஆளிடம் திரும்பி வர ஐந்தரை நிமிடம். அவர் கையில் இருந்ததோ ஒரு நிமிடக் காட்சி. மீதி நேரம் முழுக்க உறைந்த திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சரி, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் அதிகமாகப் படித்துத் தேக்கி வைத்தால்? கணக்குப்படி நடக்கும். ஆளுக்கு ஒன்பதரை நிமிடத்துக்கான தரவை, அதாவது சுமார் 13 ஜிபியை ஒவ்வொரு தடவையும் எடுத்து வைத்தால் ஆறு பேருக்கும் தடங்கல் இல்லாமல் ஓடும். ஆனால் அவ்வளவையும் தேக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்குப் பெயர்தான் டிஸ்க். அப்படியே செய்தாலும், எடிட்டர் ஒருவர் டைம்லைனில் பத்து நிமிடம் முன்னால் தள்ளிவிட்டால் மொத்தக் கணக்கும் கலைந்துபோகும். எடிட்டரின் வேலையே முன்னும் பின்னும் தள்ளிப் பார்ப்பதுதானே.

ஒரே ஆள் பார்த்தாலும் டேப்புக்கு நல்லதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிளிப்புக்கு வேண்டியது நொடிக்கு 23. டிரைவ் தன் வேகத்தை ஓரளவு குறைத்துக்கொள்ளும், ஆனால் அவ்வளவு கீழே அதனால் இறங்க முடியாது. படித்ததை வாங்க ஆள் இல்லாமல் பஃபர் (டிரைவின் தற்காலிக நினைவகம்) நிரம்பியதும் டேப்பை நிறுத்தும். நொடிக்கு ஐந்து மீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த நாடா சட்டென்று நிற்காது. கொஞ்சம் தாண்டிப் போய் நிற்கும். பின்னால் சுற்றி, மறுபடி வேகம் பிடித்து, விட்ட இடத்தைப் பிடிக்கும். ஷூ பாலிஷ் போடுகிறவர் துணியை இப்படியும் அப்படியும் இழுப்பது போல இருப்பதால் இதற்கு ஷூ-ஷைனிங் என்றே பெயர். நாடாவும் தேயும், ஹெட்டும் தேயும்.

இதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். சில வருடங்களுக்கு முன்னால் வடபழனியில் ஒரு ஸ்டூடியோவில், டேப் ஷேர் கொடுத்த நாளிலிருந்து டிரைவ் படுத்துகிறது என்று கூப்பிட்டார்கள். ஒழுங்காக ஓடும் டிரைவ் மின்விசிறி மாதிரி ஒரே சீராக முனகும். அங்கே விர்ர் என்று ஒரு இழுப்பு, டக், ஒரு நிமிடம் சுற்றல், மறுபடி விர்ர். யாருமே எந்த ஃபைலையும் திறக்கவில்லை என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். அது உண்மைதான். ஒரு அசிஸ்டென்ட் எடிட்டர் அந்த ஃபோல்டரை மட்டும் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். உள்ளே நானூறு கிளிப்புகள். சின்னப் படம் காட்டுவதற்காக அவருடைய கம்ப்யூட்டர் ஒவ்வொரு கிளிப்பின் தலைப்பகுதியையும் தானாகவே கேட்டுக்கொண்டிருந்தது. நானூறு தடவை டேப் அங்கும் இங்கும் ஓட வேண்டும். வைரஸ் ஸ்கேனரும் தேடல் இண்டெக்ஸும் இதே வேலையைச் செய்யும். படிக்க மட்டும் அனுமதி கொடுத்தாலும் இந்த ஆபத்து போகாது. அதனால்தான் ஷேரை எடுத்துவிடச் சொன்னேன்.

நம் ஊர் அபார்ட்மென்ட்டில் தண்ணி லாரி வந்தால் என்ன செய்கிறோம்? லாரிக்காரர் ஓஸ் பைப்பை ஒவ்வொரு வீட்டுக் குழாயிலுமா சொருகுகிறார்? சம்ப்பில் விடுகிறார், ஒரே மூச்சில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறார். அங்கிருந்து மோட்டார் போட்டு மேல் தொட்டிக்கு ஏற்றுகிறோம். எந்த வீட்டில் யார் எப்போது குழாயைத் திறந்தாலும் லாரிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. உங்கள் டிரைவ்தான் லாரி. உங்களிடம் இல்லாதது சம்ப். நூற்றுக்கணக்கான பெட்டாபைட் தரவை டேப்பில் வைத்திருக்கும் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடத்திலும் டேப்புக்கு முன்னால் டிஸ்க் நிற்கிறது.

சம்ப்பை எங்கே கட்டுவது என்பது முக்கியம். டிரைவ் மாட்டியிருக்கும் அதே லினக்ஸ் மெஷினிலேயே டிஸ்க்கைப் போடுங்கள். டேப்பிலிருந்து ஒரு கிகாபிட் லைன் வழியாக வேறு மெஷினுக்கு அனுப்பினால் நொடிக்கு 110 மெகாபைட்டைத் தாண்டாது. மறுபடி டிரைவ் நின்று நின்று ஓட ஆரம்பிக்கும். 8 டிபி ஹார்ட் டிஸ்க் எட்டு, ரெய்டு-6 (இரண்டு டிஸ்க் பழுதானாலும் தரவு தப்பும் அமைப்பு) போட்டால் 48 டிபி கையில் நிற்கும், 6 டிபி கார்ட்ரிஜ் எட்டின் அளவு. மொத்தம் 276 டிபியையும் டிஸ்க்கில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் ஒரு பக்கம் டேப்பிலிருந்து 300-ல் எழுதிக்கொண்டு, மறுபக்கம் ஆறு பேருக்கும் படித்துக் கொடுப்பது ஹார்ட் டிஸ்க்குக்குச் சிரமம். ஒரு முழு கார்ட்ரிஜை இறக்க ஐந்தரை மணி நேரம், நடைமுறையில் ஆறு. எடிட்டர்கள் கிளம்பிய பிறகு ராத்திரியில் இறக்குங்கள்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் எடிட்டர்கள் டேப்பில் தேடுவது எதை? பெரும்பாலும் எந்த கிளிப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்கள். பார்ப்பதற்கு 23 மெகாபைட் தேவையே இல்லை. ஒவ்வொரு கார்ட்ரிஜையும் ஒரே ஒரு தடவை முழுசாக இறக்கி, எல்லா கிளிப்புக்கும் ஹெச்.264 வீடியோ வடிவில் நொடிக்கு 8 மெகாபிட், அதாவது 1 மெகாபைட் அளவில் புராக்ஸி (பார்ப்பதற்கான சின்ன நகல்) எடுத்து வையுங்கள். 6 டிபி கார்ட்ரிஜுக்கு சுமார் 260 ஜிபி புராக்ஸி வரும். 46-க்கும் சேர்த்து 12 டிபி. அதாவது நீங்கள் இத்தனை வருடம் எடுத்த அத்தனையும், பார்க்கக்கூடிய தரத்தில், எப்போதும் டிஸ்க்கில் இருக்கும். ஆறு பேரும் ஒரே நேரத்தில் எதை வேண்டுமானாலும் இழுத்துப் பார்க்கலாம். நொடிக்கு ஆறு மெகாபைட்தான் மொத்தச் சுமை. சாதாரண கிகாபிட் ஸ்விட்ச்சே தாங்கும். எடிட்டையும் அதிலேயே முடித்துவிட்டு, கன்ஃபார்ம் செய்யும்போது (நகலின் இடத்தில் ஒரிஜினலை வைக்கும் கட்டம்) தேர்ந்தெடுத்த கிளிப்புகளை மட்டும் டேப்பிலிருந்து ஒரிஜினலாக எடுத்துக்கொள்ளலாம்.

ராத்திரிக்கு ஒரு கார்ட்ரிஜ் என்றால் ஒன்றரை மாத வேலை. பொறுமை வேண்டும், ஆனால் ஒரு தடவைதான். புராக்ஸியின் பெயரும் டைம்கோடும் (ஒவ்வொரு ஃபிரேமின் நேர எண்) ஒரிஜினலோடு அச்சாகப் பொருந்த வேண்டும். இதில் கோட்டை விட்டால் கன்ஃபார்ம் அன்றைக்குத் தலைவலிதான். இறக்கும்போதே ஒவ்வொரு ஃபைலுக்கும் செக்சம் (ஃபைல் மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்) எடுத்து, எந்தக் கார்ட்ரிஜ் என்பதோடு ஒரு பட்டியலில் எழுதி வையுங்கள். பழைய டேப்பில் ஏதாவது படிக்க முடியாமல் போயிருந்தால் அதுவும் இந்தச் சுற்றிலேயே தெரிந்துவிடும். கார்ட்ரிஜை உள்ளே தள்ளுமுன் அதன் ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டை எழுத முடியாத பக்கம் நகர்த்திவிடுங்கள். நகத்தால் தள்ளினால் நகர்ந்துவிடும், சிலர் பத்து வருடமாக அதைக் கவனித்ததே இல்லை.

அதன் பிறகு வரும் தேவைகளுக்கு ஒரு வரிசை வேண்டும். யாருக்கு எந்த ஒரிஜினல் வேண்டும் என்று சாயங்காலத்துக்குள் எழுதிக் கொடுக்கட்டும். ஒருவர் அதைக் கார்ட்ரிஜ் வாரியாகப் பிரிக்க வேண்டும். அதற்குள் ஃபைல் பெயர் வரிசையில் காப்பி செய்யாதீர்கள். எழுதப்பட்ட வரிசை வேறு, அகரவரிசை வேறு. எல்டிஎஃப்எஸ்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஸ்டார்ட்பிளாக் என்று ஓர் எண் உண்டு, அது டேப்பில் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று சொல்லும். லினக்ஸில் ஃபைலின் கூடுதல் பண்புகளைக் கேட்டால் கிடைக்கும். சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, அந்த எண் வரிசையில் அடுக்கி எடுங்கள். நூறு கிளிப்பை மனம் போனபடி கேட்டால், சுற்றுவதற்கே ஒன்றரை மணி நேரம் வரை போகும்.

ஒரே ஒரு சூழ்நிலையில் மட்டும் டேப்பிலிருந்து பல மெஷினுக்கு நேராக அனுப்பலாம். எல்லோருக்கும் ஒரே தரவு, ஒரே நேரத்தில், முழுசாக வேண்டும் என்றால். எம்பஃபர் என்ற புரோகிராம் ஒரு தடவை படித்ததைப் பல இடங்களுக்குச் சேர்த்தே எழுதும். யுடிபிகாஸ்ட் நெட்வொர்க்கில் ஒரே ஸ்ட்ரீமை எல்லா மெஷினும் வாங்கும்படி அனுப்பும். இருக்கிறதிலேயே மெதுவான மெஷினின் வேகத்துக்கு டேப் இறங்கிவிடும் என்பது குறை. உங்கள் வேலைக்கு இது பொருந்தாது.

நம் ஊரில் டேப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீண்ட நாள் பாதுகாக்க 16 முதல் 25 டிகிரி, ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதம் என்று சொல்வார்கள். சென்னையில் ஐப்பசி கார்த்திகையில் ஜன்னலைத் திறந்து வைத்த அறையில் அது நடக்காது. ஞாயிற்றுக்கிழமை ஏசியை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் இருந்தால் அதைக் கைவிடுங்கள். டேப் அலமாரிக்குள் ஒரு ஈரப்பதமானி வையுங்கள். வேறு இடத்திலிருந்து வந்த கார்ட்ரிஜை உடனே டிரைவில் போடாமல், ஒரு நாள் அந்த அறையிலேயே விட்டுவையுங்கள். கிளீனிங் கார்ட்ரிஜை டிரைவ் கேட்கும்போது மட்டும் போடுங்கள்.

எல்டிஓ-9 பற்றி. வாங்காதீர்கள். எல்டிஓ-9 டிரைவ் எல்டிஓ-8, எல்டிஓ-9 கார்ட்ரிஜ்களை மட்டும்தான் படிக்கும். உங்களிடம் இருப்பது அத்தனையும் எல்டிஓ-7. புது டிரைவில் ஒன்றுகூடத் திறக்காது. 2025-ல் வந்த எல்டிஓ-10 இன்னும் மோசம், தன் தலைமுறையைத் தவிர வேறெதையும் படிக்காது. இரண்டாவது டிரைவ் வாங்குவதாக இருந்தால் அதுவும் எல்டிஓ-8 ஆகவே இருக்கட்டும். அப்போதும் இரண்டு வேறு கார்ட்ரிஜ்களை ஒரே நேரத்தில் இறக்கலாம், ஒன்றரை மாதம் மூன்று வாரமாகும், அவ்வளவுதான். ஆறு பேர் பிரச்சினையை அது தீர்க்காது. கையில் இருக்கும் பணத்தை முதலில் டிஸ்க்கில் போடுங்கள். மிச்சம் இருந்தால், உங்களுடைய ஒரே டிரைவ் படுத்துவிட்டால் 46 கார்ட்ரிஜையும் யார் படிப்பார்கள் என்று யோசித்து, அந்த இரண்டாவது எல்டிஓ-8-ஐ வாங்கி வையுங்கள்.