நீலக்கோட்டுக்குத் தெரியாத ‘அவர்’

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். பள்ளியின் சுற்றறிக்கைகளையும் நான்தான் எழுதுகிறேன். சென்ற வாரம் ‘எவ்ரி ஸ்டூடன்ட் மஸ்ட் பிரிங் தேர் ஐடி கார்டு’ என்று எழுதினேன். கணினியில் உள்ள இலக்கணத் திருத்தி அதன்கீழ் எந்தக் கோடும் போடவில்லை. தலைமையாசிரியரோ, ‘தேர்’ பன்மை, ‘ஹிஸ்’ என்று மாற்றுங்கள் என்றார். எங்கள் பள்ளியில் பாதிப்பேர் மாணவிகள். என் மாணவர்கள் ‘ஐ’, ‘மீ’ எது வரும் என்று யோசிப்பதே இல்லை; மென்பொருள் நீலக்கோடு போட்டால் மாற்றுகிறார்கள், போடாவிட்டால் விட்டுவிடுகிறார்கள். அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் வாக்கியத்தில் பிழை இல்லை. ‘தேர்’ அப்படியே இருக்கட்டும்.

யாரென்று குறிப்பிடாத ஒருவரைத் ‘தே’ என்று சுட்டுவது ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. ஆண்பாலே இருபாலுக்கும் போதும் என்பதை விதியாக வலியுறுத்தியவர்கள் 18ஆம் நூற்றாண்டு முதலான இலக்கண ஆசிரியர்கள். 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதையே சட்ட வாசகங்களுக்கான விதியாக்கியது. நம் நாட்டில் 1897ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டம், 13ஆம் பிரிவு, அதைத்தான் சொல்கிறது. உங்கள் தலைமையாசிரியர் அந்த மரபில் படித்தவர்; அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் 2019இல் வந்த அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆய்வுக் கட்டுரை நடைக் கையேட்டின் ஏழாம் பதிப்பு ஒருமைத் ‘தே’யை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது. ஆய்வுக் கட்டுரைகளுக்கே ஆகுமென்றால் அடையாள அட்டைச் சுற்றறிக்கைக்கு ஆகாதா?

அவரிடம் இன்னொன்றையும் நீங்கள் மரியாதையோடு சொல்லலாம். ‘தலைமையாசிரியர் வந்தார்’ என்கிறோம். ‘ஆர்’ பலர்பால் விகுதி, வந்தவர் ஒருவர். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் ‘ஒருவரைக் கூறும் பன்மைக் கிளவி’யை எடுத்துக்கொண்டு, அது ‘வழக்கினாகிய உயர்சொல் கிளவி’, அதாவது வழக்கில் உருவான மரியாதைச் சொல், என்கிறார். இலக்கண நெறிப்படி அமைந்ததல்ல என்றும் சேர்த்தே சொல்கிறார். விதி எது, மக்கள் வழக்கு எது என்று இரண்டையும் பார்த்து இரண்டையும் எழுதிவைத்த அந்த நேர்மையை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன். ஆங்கிலத்திலும் ‘யூ’ ஒரு காலத்தில் பன்மை. ஒருவரை ‘தவ்’ என்றே அழைத்தார்கள். ஒருவரை ‘யூ’ என்பது பிழை என்று நிறுவ குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சமயக் குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபாக்ஸும் அவருடைய நண்பர்களும் 1660இல் ஒரு புத்தகமே போட்டார்கள். வழக்கு அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.

‘ஐ’, ‘மீ’ சிக்கலுக்கு உங்கள் மாணவர்களிடம் மென்பொருளைவிட நல்ல கருவி ஒன்று இருக்கிறது. அது வேற்றுமை உருபு. ‘அவர் ரமாவையும் என்னையும் அழைத்தார்’ என்பதை ‘ரமாவையும் நானும் அழைத்தார்’ என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் சொல்லாது. ‘என்னை’ வந்தால் ‘மீ’. ‘உங்களுக்கும் எனக்கும் இடையே’ என்றுதான் சொல்வோம். ஆகவே ‘பிட்வீன் யூ அண்ட் மீ’. ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில், அன்டோனியோவின் கடிதத்தில், வருகிறது. என்றாலும் தேர்வுத்தாளில் மதிப்பெண் போய்விடும். ஓர் இடத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை: ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குத் தெரியும்’ போன்றவை ஆங்கிலத்தில் ‘ஐ’யாகவே போகும். இதையும் சொல்லிக்கொடுத்துவிட்டால் கோட்டுக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

இனி மென்பொருளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி. பழைய திருத்திகள் எழுதிவைத்த விதிகளோடு வாக்கியத்தை ஒப்பிட்டுப் பார்த்தன. இப்போதையவை மலைமலையான எழுத்துகளைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எது வரும் என்று பழகியவை. வடிவத்தைப் பார்ப்பதில் கெட்டிக்காரத்தனம் கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பிரதிப்பெயர் என்பது ஒருவரைச் சுட்டும் விரல். சுட்டப்படுபவர் யார் என்பது எழுதுகிறவருக்குத்தான் தெரியும். மென்பொருள் ஊகிக்க மட்டுமே முடியும்.

இதை நான் வருத்தப்பட்டுக் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, ஓய்வுபெற்ற கிராமச் செவிலியர் ஒருவருக்கான பாராட்டு மலருக்கு ஆறு பக்கத் தமிழ்க் கட்டுரையை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தேன். மூலத்தில் செவிலியரும் ‘அவர்’, உடன் பணிபுரிந்த மருத்துவரும் ‘அவர்’. ஒரு பத்தியில் மருத்துவரின் பெயர் வந்து, அடுத்த வாக்கியம் ‘அவர் நள்ளிரவில் மாட்டுவண்டியில் போய்ப் பிரசவம் பார்த்தார்’ என்று தொடங்கியது. நான் ‘ஹீ’ என்று எழுதினேன். திருத்தியில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு கோடும் விழவில்லை. அச்சாகிவிட்டது. விழா அன்று செவிலியரின் மகள் மலரைக் கொண்டுவந்து அந்த வரியின்மேல் விரலை வைத்து, “அன்றைக்குப் போனது அம்மா அல்லவா?” என்று கேட்டார். கோபமே இல்லாத குரல். ஓர் எழுத்துக் குறைந்ததில் அந்த இரவு முழுவதும் இன்னொருவருடையதாகிவிட்டது. அதற்குப் பிறகு ‘அவர்’ வரும் ஒவ்வொரு வரியிலும் பென்சிலால் பெயரை எழுதிவிட்டுத்தான் மொழிபெயர்க்கத் தொடங்குகிறேன். தெரியாவிட்டால் கேட்கிறேன்.

எதிர்த்திசையிலும் இப்படித்தான். ‘தி மேனேஜர் டோல்ட் தி கிளார்க் தட் ஹீ வுட் பி டிரான்ஸ்ஃபர்டு.’ இலக்கணம் சுத்தம். மாற்றலாகிறவர் யார்? தமிழில் எழுதும்போது நழுவ முடியாது. ‘தான் மாற்றப்படப்போவதாக மேலாளர் சொன்னார்’ என்றால் மேலாளர். ‘அவர் மாற்றப்படப்போவதாக’ என்றால் எழுத்தர். ‘தான்’ என்ற அந்தச் சின்னச் சொல்லை ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் மறந்துவிடக் கூடாது என்று உண்மையாகவே விரும்புகிறேன். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லையென்றால் பெயரையே மறுபடி எழுதட்டும். நடை கொஞ்சம் தடுக்கினாலும் பாதகமில்லை.

அடுத்த வகுப்பில் அந்த மேனேஜர் வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, ‘ஹீ’ யார் என்று மட்டும் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்