ஜூரோங் கலங்கல் வரம்பு ஆழ்கடலுக்கு ஆகுமா?

கேள்வி: நில மீட்புப் பணிகளில் கடல்நீரின் கலங்கலைக் கண்காணிக்கும் வேலையில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். இப்போது ஆழ்கடல் சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் வரம்புகளை முன்மொழியும் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். இங்கே வைக்கும் வரம்பையே இன்னும் இறுக்கி அங்கே வைத்தால் போதாதா? – வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: போதாது. இறுக்கினாலும் தளர்த்தினாலும் அளவுகோலே அங்கே செல்லாது.

நம் சிங்கப்பூரின் தென்தீவுகளைச் சுற்றியுள்ள நீர் ஏற்கெனவே கலங்கல்தான். புலாவ் ஹந்துவில் முக்குளித்தவர்களைக் கேளுங்கள். சில மீட்டருக்கு அப்பால் கூட வந்தவரே மங்கிவிடுவார். அந்தக் கலங்கலோடு வாழப் பழகிய பவளங்களுக்கு வைத்த வரம்பு அது. சுரங்கக்காரர்கள் தேடும் மாங்கனீசு முடிச்சுகள் (கடல்தரையில் கிடக்கும் உலோகம் செறிந்த உருண்டைகள்) நிறைந்த கிளாரியன்-கிளிப்பர்ட்டன் பகுதியோ, ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடையில், 4,000 முதல் 6,000 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே ஆயிரம் ஆண்டுகளில் படியும் மண் சில மில்லிமீட்டர்தான். ‘இயல்பு நிலையைவிட இத்தனை மடங்கு’ என்று எழுதினால், அந்த அளவை உங்கள் கருவியால் உணரவே முடியாமல் போகலாம்.

ஆகவே இரண்டைத் தனித்தனியாக அளக்க வேண்டும்: நீரில் மிதக்கும் சேறு, தரையில் படியும் சேற்றின் கனம். முன்னது நீரை வடிகட்டி உண்ணும் உயிர்களின் உறுப்புகளை அடைக்கிறது. பின்னது அவற்றைப் புதைக்கிறது. கருவியை எங்கே வைப்பது என்பது இதைவிடப் பெரிய சிக்கல். 2021இல் அப்பகுதியில் முடிச்சுகளைச் சேகரிக்கும் பட்டானியா 2 என்ற சோதனை வாகனத்தைக் கடல்தரையில் ஓட்டிப் பார்த்தபோது, கிளம்பிய சேற்றில் பெரும்பகுதி தரையிலிருந்து இரண்டு மீட்டருக்குள்ளேயே பரவியது. பத்து மீட்டர் உயரத்தில் கருவியைத் தொங்கவிட்டவருக்குக் கடல் தெளிவாகவே தெரிந்திருக்கும். மேலே ஏற்றிய சேற்றுநீரிலிருந்து முடிச்சுகளைப் பிரித்த பிறகு கப்பலிலிருந்து கடலுக்குத் திருப்பி விடும் நீர் வேறொரு கலங்கல். அதற்கு வேறு ஆழம், வேறு உயிர்கள், வேறு வரம்பு.

வாகனத்தின் தடத்துக்குள் எந்த வரம்பும் உதவாது. முடிச்சு வளர்வது பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர். அதில் ஒட்டி வாழும் கடற்பஞ்சுகள் அதனோடே போய்விடும். 1979இல் அங்கே சோதனை வாகனம் ஓடிய தடம் 44 ஆண்டுகளுக்குப் பிறகும் அழியவில்லை. அங்கே கேட்க வேண்டியது எவ்வளவு பரப்பைத் தொடாமல் விடுவது என்பதுதான்.

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடற்படுகையில் சுரங்கப் பணிகளை ஒழுங்குபடுத்தும் அனைத்துலகக் கடற்படுகை ஆணையம் இந்த வரம்புகளை நச்சுத்தன்மை, கலங்கலும் படிவும், ஒலியும் ஒளியும் என மூன்று பிரிவுகளாக எடுத்துக்கொண்டிருக்கிறது. கலங்கல்தான் உங்களுக்குக் கைவந்த வேலை என்பதால் மற்ற இரண்டையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

உங்கள் அனுபவம் உண்மையில் கைகொடுப்பது வேறிடத்தில். எச்சரிக்கை அளவு ஒன்று, வேலையை நிறுத்தும் அளவு ஒன்று என்று இரண்டு படி வைத்து, யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதிப் பழகியவர் நீங்கள். நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று சொல்லாத வரைவுகளை நான் படிக்காமலே திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிங்கப்பூருக்கு இது வெறும் சம்பிரதாயமும் அல்ல. ஓஷன் மினரல் சிங்கப்பூர் நிறுவனம் 2015இல் ஆணையத்துடன் ஆய்வு ஒப்பந்தம் செய்தது. அதற்கு ஆதரவு தந்த நாடு சிங்கப்பூர். அப்படி ஆதரவு தரும் நாடு உரிய கவனத்தோடு மேற்பார்வையிட வேண்டும் என்பதைக் கடல்சட்டத் தீர்ப்பாயத்தின் 2011ஆம் ஆண்டுக் கருத்துரை தெளிவாக்கியிருக்கிறது.

முதல் கூட்டத்திலேயே எண் கேட்பார்கள். கொடுக்காதீர்கள், அந்த இடத்தின் அடிநிலைத் தரவு (சுரங்கப் பணிக்கு முந்தைய இயல்பு நிலையின் அளவீடு) எத்தனை ஆண்டுகளுக்கு, தரையிலிருந்து எந்த உயரத்தில் எடுக்கப்பட்டது என்று கேளுங்கள்.