வாசகர் கேள்வி – பதில்: தொழிற்சாலைக்குப் போடும் புள்ளி எதை அளக்கிறது?

கேள்வி: என் மகள் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்கிறாள். அங்கு தைக்கும் உடுப்புகளை வாங்கும் பல்தேசியக் கம்பனியின் ஆண்டறிக்கை, தமக்கு உடுப்பு வழங்கும் தொழிற்சாலைகள் யாவும் ஒழுக்கநெறிக் கணக்காய்வில் தேறியவை என்கிறது. காய்ச்சலென்று ஒரு நாள் லீவு எடுத்தாலும் அந்த மாத வருகைக் கொடுப்பனவு முழுவதும் போய்விடுகிறது என்கிறாள் மகள். எதை நம்புவது?
— வாசகி ஒருவர், ஏறாவூர்

பதில்: இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்பதுதான் வருத்தத்துக்குரிய விடயம். கணக்காய்வாளர் கையில் ஒரு படிவத்துடன் வருகிறார். தீயணைப்புக் கருவிகள் இருக்கின்றனவா, அவசர வழிகள் திறந்திருக்கின்றனவா, வயதுச் சான்றுகள் கோவையில் உள்ளனவா, சம்பளம் சட்டம் சொல்லும் தொகைக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து அடையாளமிடுகிறார். உங்கள் மகளின் கொடுப்பனவு அடிப்படைச் சம்பளத்துக்கு மேலதிகமாகத் தரப்படுவதால், அதை வெட்டுவது பெரும்பாலும் அந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் விழாது. ஆனால் அந்தத் தொகையையும் சேர்த்துத்தான் உங்கள் வீட்டில் மாதச் செலவைக் கணக்கிடுவீர்கள். அதை இழக்க முடியாமல் காய்ச்சலோடு மெஷினில் போய் உட்காரும் பிள்ளையைக் கணக்காய்வு காண்பதில்லை.

இந்தக் கணக்காய்வுகளுக்கான செலவைப் பெரும்பாலும் தொழிற்சாலையே கொடுக்கிறது. வரும் நாள் பல வேளைகளில் முன்னரே தெரிந்திருக்கும். தொழிலாளரிடம் கேள்வி கேட்பதும் தொழிற்சாலை வளவுக்குள்தான் நடக்கும். மேற்பார்வையாளர் வெளியே நிற்க, உள்ளே இருக்கும் பிள்ளை எதைச் சொல்வாள் என்பதை ஒரு தாயாகிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதன் விலையை உலகம் உயிர்களாகக் கொடுத்திருக்கிறது. பாகிஸ்தானின் கராச்சி நகரில் 2012 செப்டெம்பர் 11ஆம் திகதி தீப்பிடித்து 250க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட ஆடைத் தொழிற்சாலை, அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எஸ்ஏ 8000 என்ற சர்வதேசச் சமூகப் பொறுப்புச் சான்றிதழைப் பெற்றிருந்தது. 2013 ஏப்ரல் 24ஆம் திகதி பங்களாதேஷில் இடிந்து விழுந்து 1,100க்கும் மேற்பட்டோரைக் கொன்ற ரானா பிளாசா கட்டடத்திலும் கணக்காய்வு செய்யப்பட்ட தொழிற்சாலைகள் இருந்தன. முதல் நாளே சுவரில் வெடிப்பைக் கண்டு அஞ்சிய தொழிலாளர்களை மறுநாள் வேலைக்கு உள்ளே போகச் சொன்னார்கள். போகமாட்டோம் என்று சேர்ந்து சொல்ல அவர்களுக்கு ஒரு தொழிற்சங்கம் இருக்கவில்லை. ஒரு நிறுவனத்தை அளக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: அங்கு வேலை செய்பவருக்கு ‘முடியாது’ என்று சொல்ல இடமிருக்கிறதா?

கேள்வி: பல்தேசியக் கம்பனிகளின் தொழில் நடைமுறைகளை அளப்பது பற்றி இறுதியாண்டு ஆய்வு செய்கிறேன். எந்தக் குறிகாட்டிகளை எடுப்பது பொருத்தம்?
— பல்கலைக்கழக மாணவர், ஒலுவில்

பதில்: தொழிலாளரின் அடிப்படை உரிமைகள் பற்றிய சர்வதேசத் தொழில் தாபனத்தின் 1998ஆம் ஆண்டுப் பிரகடனத்தை அடித்தளமாகக் கொள்ளுங்கள். சங்கம் சேரும் உரிமையும் கூட்டுப் பேரமும் (தொழிலாளர் ஒன்றுசேர்ந்து முதலாளியுடன் பேரம் பேசுவது), கட்டாய உழைப்பின்மை, சிறுவர் உழைப்பின்மை, பாகுபாடின்மை என்ற நான்கோடு 2022இல் பாதுகாப்பான, சுகாதாரமான வேலைச் சூழலும் ஐந்தாவதாகச் சேர்க்கப்பட்டது. ஆனால் ‘இது பற்றிக் கம்பனியிடம் கொள்கை ஆவணம் உண்டா?’ என்று கேட்டு ஆய்வை முடித்துவிடாதீர்கள். ஆவணம் எல்லாரிடமும் இருக்கிறது.

விளைவை அளவிடுங்கள். நமது சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் தொழில் வழங்குநர் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில் வழங்குநர் மேலும் 3 வீதமும் செலுத்த வேண்டும். சம்பளச் சீட்டில் கழித்த தொகை அங்கத்தவரின் கணக்கில் உரிய காலத்தில் சேர்ந்ததா என்பது ஒரு நேர்மையான குறிகாட்டி. 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து வருடச் சேவைக்குப் பிறகே பணிக்கொடை உரித்தாகிறது. ஆகவே ஐந்தாவது வருடத்தை எட்டாமல் விலகியோர் எத்தனை வீதம், ஏன் விலகினார்கள் என்று கேட்டால் பல செய்திகள் வெளிவரும். ஆட்களை வழங்கும் முகவர் மூலம் நாட்கூலிக்கு வருவோரையும் தவறாமல் எண்ணுங்கள். அறிக்கைகளில் அவர்கள் பல வேளைகளில் இடம்பெறுவதில்லை.

‘முறைப்பாடு எதுவும் இல்லை’ என்ற நிறுவனத்துக்கு உயர்ந்த புள்ளி கொடுக்காதீர்கள். நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்தில் ஒரு முறைப்பாடுகூட வரவில்லையென்றால், அது பயத்தின் அடையாளமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வந்த முறைப்பாடுகளில் எத்தனை, எத்தனை நாட்களில், முறைப்பாட்டாளர் ஏற்கும்படி தீர்ந்தன என்பதே அளவு. நமது நாட்டில் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குறைந்தது 40 வீதத் தொழிலாளரை அங்கத்தவராகக் கொண்ட சங்கத்துடன் பேரம் பேச மறுப்பது நியாயமற்ற தொழில் நடைமுறையாகும். அத்தகைய பேச்சுவார்த்தை உண்மையில் நடந்ததா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் வலியுறுத்துவேன். தொழிற்சாலையை மட்டும் அளந்து, அதனிடம் வாங்கும் கம்பனியை அளக்காமல் விட்டால் ஆய்வு பாதிதான். உடுப்பொன்றுக்குக் கொடுக்கும் விலை, ஓடருக்குத் தரும் அவகாசம், கடைசி நேரத்தில் நிறத்தையோ எண்ணிக்கையையோ மாற்றுவது ஆகியவைதான் இங்கே இரவு ஓவர்டைமாக மாறுகின்றன. 2020இல் கொரோனா வந்தபோது பல கம்பனிகள் தைத்து முடித்த உடுப்புகளுக்கான ஓடரைக்கூட இரத்துச் செய்தன. அவற்றுள் அழகான ஒழுக்கநெறி அறிக்கைகளை வெளியிட்டு வந்தவையும் இருந்தன.

கேள்வி: வெளிநாட்டுக் கம்பனியைக் கேள்வி கேட்க நம்மைப் போன்றோருக்கு வழியுண்டா?
— வாசகர், அக்கரைப்பற்று

பதில்: உண்டு, ஆனால் மெதுவான வழி. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்திக்கான அமைப்பு பல்தேசியக் கம்பனிகளுக்காக வகுத்த வழிகாட்டல்களை ஏற்ற நாடுகளில் தேசியத் தொடர்பு மையங்கள் இருக்கின்றன. கம்பனியின் தாய்நாடு அவற்றுள் ஒன்றாயின் தொழிற்சங்கமோ சமூக அமைப்போ அங்கு முறையிடலாம். அந்த மையம் சமரசம் செய்து வைக்கலாம், தண்டிக்க முடியாது. பிரான்சின் 2017ஆம் ஆண்டுச் சட்டமும் 2023இல் ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்த சட்டமும், பெருங்கம்பனிகள் தமக்கு வழங்குவோரின் இடங்களில் நடக்கும் உரிமை மீறல்களையும் கண்காணிக்க வேண்டுமெனக் கட்டாயப்படுத்தின.

சம்பளமோ சேமலாப நிதியோ வராவிட்டால் முதலில் உள்ளூர்த் தொழில் திணைக்கள அலுவலகத்துக்கே செல்லுங்கள். மாதாமாதம் தரும் சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம், ஓவர்டைம் செய்த நாட்களைக் கையால் எழுதிய கொப்பி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான திகதியிட்ட கையொப்பத்தைப் பிரதியில் வாங்கிக்கொள்ளுங்கள்.