மயக்கத்தைக் காக்கும் படிப்பு

இரண்டு முறை நீட் எழுதியும் மகளுக்கு அரசு இடம் கிடைக்கவில்லை, காரைக்குடி வீட்டுப் பங்கை விற்றாவது வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்க வைக்கச் சொல்லி அம்மான் நெருக்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆச்சி, விற்காதீர்கள். அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பு, 12 மாதப் பயிற்சி. திரும்பினால் 300-க்கு 150 எடுக்க வேண்டிய தகுதித் தேர்வு, அப்புறம் இங்கே மறுபடி 12 மாதப் பயிற்சி. தேர்வு தேறாவிட்டால் பட்டம் இருந்தும் வைத்தியம் பார்க்க முடியாது. பங்கு போனது போனதுதான்.

பொறியியல், நர்சிங் பற்றிச் சொல்ல ஊரில் ஆளிருக்கிறது. ஆயாவுக்கு எண்டோஸ்கோப்பி பார்த்த அன்று மானிட்டரைக் காட்டி மகள் விடாமல் கேள்வி கேட்டாள் என்கிறீர்களே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பி.எஸ்சி. ஆபரேஷன் தியேட்டர் அண்ட் அனஸ்தீசியா டெக்னாலஜி அதற்கான படிப்பு: மயக்கம் கொடுக்கும்போது மருத்துவருக்குத் துணைநின்று கருவிகளைக் கவனிக்கும் டெக்னீஷியன் ஆகலாம்.

"மயக்க ஊசிக்கு எடுபிடியா?" என்கிறாராம் அம்மான். தவறு. கூப்பிட்டால் கண் திறக்கும் அரைமயக்கத்துக்கும் ஆழ்மயக்கத்துக்கும் நடுவே சுவர் கிடையாது. ஒருவருக்குப் போதுமான மருந்து வயதானவரை ஆழத்தில் தள்ளிவிடும். அதனால்தான் வயதானவர்களுக்கு மிடசோலம் என்ற மயக்க மருந்தை ஒரு மில்லிகிராமோ அதற்கும் குறைவாகவோ ஏற்றி, இரண்டு நிமிடமாவது பொறுத்துப் பார்க்கிறார்கள். அளவைத் தீர்மானிப்பவர் மருத்துவர். ஆக்சிஜன், சளியை உறிஞ்சும் சக்‌ஷன், பொருத்தமான மாஸ்க், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை எல்லாம் மருந்து ஏறுமுன் தயாராக இருப்பது டெக்னீஷியன் பொறுப்பு. மயக்கத்துக்கு முன் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் ஆனால் போதும். பால் காபி என்றால் ஆறு. இல்லாவிட்டால் வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குப் போகலாம். நாக்கு பின்னால் சரிந்து மூச்சு அடைபட்டாலும், ஆக்சிஜன் ஓடும்போது ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கும் விரல் கிளிப் சற்று நேரம் நல்ல எண்ணையே காட்டும். விடும் மூச்சை மானிட்டரில் காட்டும் கார்பன் டை ஆக்சைடு அலைதான் உடனே படுத்துவிடும். அதைக் கவனித்து மருத்துவரை உஷார்ப்படுத்தும் கண் உங்கள் மகளுக்கு இருக்கிறது. மிடசோலத்துக்கு முறிமருந்து ஃப்ளூமாசெனில் உண்டு. புரொபோஃபால் என்ற இன்னொரு மயக்க மருந்துக்கு இல்லை, மருந்து இறங்கும்வரை மூச்சைத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

மூன்றாண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி. அரசு கலந்தாய்வுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. தனியார் கல்லூரி என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பையும், சொந்த மருத்துவமனையில் தினமும் எத்தனை ஆபரேஷன் நடக்கிறது என்பதையும் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். ஆறே மாதத்தில் சான்றிதழ் என்பவர்கள் பக்கம் போகவே வேண்டாம். இரவுப் பணி உண்டு, மணிக்கணக்கில் நிற்க வேண்டும். அதற்குச் சம்மதமா என்று அம்மானிடம் அல்ல, மகளிடம் கேளுங்கள்.